சிக்மா: முதலில் அலகைப் பாருங்கள்

உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளிலிருந்து அதிகம் வரும் கேள்வி இது: “வாங்கும் கம்பெனி ‘சிபிகே 1.33-க்குக் குறையக் கூடாது, சிக்மா கணக்கோடு அனுப்புங்கள்’ என்கிறது. லேத் நன்றாகத்தான் ஓடுகிறது. எங்கே தொடங்குவது?” பிளஸ் டூ மாணவர்கள் கேட்பது வேறு. இயற்பியலில் முதல் பாடத்தில் மின்னூட்டத்துக்கு வந்த எழுத்து, அடுத்த பாடத்தில் மின்கடத்தலுக்கு வருவது எப்படி? எலும்பு அடர்த்தி அறிக்கையில் மைனஸ் 2.6 என்று பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டு எழுதுகிறவர்களும் உண்டு. மூன்றுக்கும் பின்னால் இருப்பது சிக்மா என்ற ஒரே கிரேக்க எழுத்து. இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எந்தச் சிக்மா என்று பார்க்காமல் சூத்திரத்தில் போட்டால் விடை தவறும். சில இடங்களில் பணமும் போகும்.

குழப்பத்தின் காரணம் எளியது. கிரேக்க நெடுங்கணக்கில் 24 எழுத்துகள்தாம். ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. மற்றத் துறை என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை. பெரிய சிக்மாவைக் கூட்டல் குறியாக 1755-இல் பயன்படுத்தியவர் கணித மேதை ஆய்லர். எக்செல்லில் கூட்டுத்தொகைக்கு அழுத்தும் பொத்தானில் இருப்பது அதுவே. சிறிய சிக்மாவைத் திட்டவிலக்கத்துக்கு (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் எண்) 1890-களில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கார்ல் பியர்சன். நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் திட்டவிலக்கச் சூத்திரத்தில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன: சமக்குறிக்கு இந்தப் பக்கம் சிறியது, அந்தப் பக்கம் வர்க்கமூலத்துக்குள் பெரியது. பெரியது செய்யச் சொல்லும் வேலை, சிறியது கிடைக்கும் விடை. இதை அங்கேயே பிரித்துக்கொண்ட மாணவருக்குப் பின்னால் தொல்லை குறைவு.

மற்ற சிக்மாக்களை அடையாளம் காண அலகே போதும். நியூட்டன் பை சதுர மீட்டர் அல்லது மெகாபாஸ்கல் என்று இருந்தால் அது தகைவு (ஓரலகுப் பரப்பின் மேல் செயல்படும் விசை). கட்டடக் கம்பியின் தரப்பெயரில் வரும் 500 என்ற எண், அந்தக் கம்பி மீளாமல் நீளத் தொடங்கும் தகைவு 500 மெகாபாஸ்கலுக்குக் குறையாது என்பதைச் சொல்கிறது. கூலூம் பை சதுர மீட்டர் என்றால் மின்னூட்டப் பரப்படர்த்தி. சீமன்ஸ் பை மீட்டர் என்றால் மின்கடத்துத்திறன். செம்புக்கு அது ஏறத்தாழ 6 கோடி. வாட்டும் கெல்வினின் நான்காம் அடுக்கும் சேர்ந்து வந்தால் ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மன் மாறிலி (சூடான பொருள் வெளிவிடும் கதிர்வீச்சைக் கணக்கிடும் எண்). இதில் மாணவர்கள் செல்சியஸ் வெப்பநிலையை அப்படியே போட்டு மதிப்பெண் இழக்கிறார்கள். 27 டிகிரியை 300 கெல்வினாக மாற்றிய பிறகே நான்காம் அடுக்குக்குப் போங்கள். வேதியியலின் சிக்மா பிணைப்பு ஒரு பெயர் மட்டுமே: இரண்டு அணுக்களின் ஆர்பிட்டால்கள் நேருக்கு நேர் மேற்பொருந்தி உண்டாகும் பிணைப்பு. அங்கே அலகைத் தேட வேண்டாம்.

புள்ளியியல் சிக்மாவுக்கென்று தனி அலகு கிடையாது. எதை அளந்தீர்களோ அதன் அலகுதான் அதற்கும். சிக்கல்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. அளவுகள் இயல்நிலைப் பரவலில் (நடுவில் குவிந்து இருபுறமும் ஒரே மாதிரி சரியும் மணிவடிவப் பரவல்) இருந்தால், சராசரியின் இருபுறமும் ஒரு சிக்மாவுக்குள் 68.27 விழுக்காடும், இரண்டு சிக்மாவுக்குள் 95.45 விழுக்காடும், மூன்றுக்குள் 99.73 விழுக்காடும் விழும். ‘இருந்தால்’ என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு துளையின் வட்டப்பிழை பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அது ஒரு பக்கம் மட்டும் வால் நீண்ட பரவல். அதற்கு இந்த விழுக்காடுகளைப் போட்டால் தப்பாகும்.

வீடு கட்டுகிறவர்கள் அறியாமலேயே சிக்மாவுக்குப் பணம் கட்டுகிறார்கள். எம்25 கான்கிரீட் என்றால் 28 நாளில் 15 செ.மீ. கனசதுரம் 25 நியூட்டன் பை சதுர மில்லிமீட்டர் தாங்க வேண்டும். ஐஎஸ் 456 நெறி இதற்குத் தரும் பொருள்: சோதனை முடிவுகளில் 5 விழுக்காட்டுக்கு மேல் இந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது. அதனால் கலவையை வடிவமைக்கும்போது சராசரியை 25-இல் வைக்க முடியாது. அங்கே வைத்தால் பாதிக்குப் பாதி குறைந்துவிடும். ஐஎஸ் 10262 நெறிப்படி திட்டவிலக்கத்தை 1.65-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். எம்25-க்கு அது தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்லும் திட்டவிலக்கம் 4. ஆக இலக்கு 31.6. களத்தில் கண்காணிப்பு தளர்ந்தால் திட்டவிலக்கத்தில் இன்னொன்று கூடும், இலக்கு 33.25 ஆகிவிடும். மணலின் ஈரத்தைப் பார்க்காமல், பாண்டுச் சட்டிக் கணக்கில், கை போன போக்கில் தண்ணீர் ஊற்றுவதற்கு நீங்கள் தரும் விலை இந்த வித்தியாசம். “எதற்கும் ஒரு மூட்டை சிமென்ட் கூடப் போட்டுவிடலாம்” என்பார் மேஸ்திரி. அது சராசரியைக் கொஞ்சம் ஏற்றலாம், சிதறலைக் குறைக்காது. தண்ணீரை அளந்து ஊற்றுவதுதான் சிதறலைக் குறைக்கும். ஒரு கனசதுரம் 24 காட்டியது என்று தளத்தை இடிக்கவும் ஓடாதீர்கள். மற்ற முடிவுகளோடு சேர்த்துப் பொறியாளரை நெறிப்படி தீர்மானிக்கச் சொல்லுங்கள்.

எலும்பு அடர்த்தி அறிக்கைக்கு வருவோம். டெக்ஸா பரிசோதனையில் வரும் டி-ஸ்கோர், உங்கள் எலும்பின் அடர்த்தி ஆரோக்கியமான இளவயதினரின் சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது என்பதே. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்தபடி மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடைப்பட்டது எலும்புத் திண்மைக் குறைவு; மைனஸ் 2.5-உம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. மைனஸ் 2.6 என்றால் எலும்பு இரண்டரை மடங்கு பலவீனம் என்று பொருளாகாது. அளக்கும் கருவிக்கும் தன் சிதறல் உண்டு, மைனஸ் 2.4-க்கும் 2.6-க்கும் உள்ள இடைவெளி அதற்குள் அடங்கிப் போகலாம். அதனால்தான் அடுத்த பரிசோதனையை அதே இடத்தில், அதே கருவியில் செய்துகொள்ளச் சொல்கிறோம். வயது, முன்பு ஏற்பட்ட முறிவு, உட்கொள்ளும் மருந்துகள் இவற்றையும் வைத்தே மருத்துவர் முடிவெடுப்பார். எண்ணெய் வைத்தியத்தில் அடர்த்தி ஏறும் என்று யாராவது சொன்னால் அதில் நேரத்தை இழக்க வேண்டாம். குழந்தைகளின் வளர்ச்சி அட்டையிலும் இதே அளவுகோல்தான். மைனஸ் 2-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும், மைனஸ் 3-க்குக் கீழே போனால் தாமதிக்கக் கூடாது. நன்றாக வளரும் குழந்தைகளிலும் ஏறத்தாழ நூற்றுக்கு இருவர் மைனஸ் 2-க்குக் கீழே இருப்பார்கள். ஆகவே ஒரு மாதத்துப் புள்ளியோடு நிற்காமல், கோடு எந்தப் பக்கம் போகிறது என்று சுகாதாரப் பணியாளரோடு சேர்ந்து பாருங்கள்.

இனிப் பட்டறை. ஒரு ஷாஃப்டை எடுத்துக்கொள்வோம். விட்டம் 20 மி.மீ., டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம்) இருபுறமும் 0.03. மொத்த அகலம் 0.06. அதை ஆறு சிக்மாவால் வகுத்தால் கிடைப்பது சிபி. சிக்மா 0.005 என்றால் சிபி 2. மிக நல்ல எண். சிபிகே என்பது சராசரிக்கும் அருகிலுள்ள எல்லைக்கும் உள்ள தூரத்தை மூன்று சிக்மாவால் வகுப்பது. சராசரி சரியாக 20-இல் நின்றால் அதுவும் 2. சராசரி 20.01-க்கு நகர்ந்திருந்தால் மிச்சத் தூரம் 0.02, அதை 0.015-ஆல் வகுக்க 1.33. அதே லேத், அதே ஆள், அதே சிதறல். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நகர்வு, கம்பெனி கேட்ட அளவின் விளிம்புக்கே கொண்டுபோய்விட்டது.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் படிப்பதுதான் நோயறிதல். சிபி நன்றாக இருந்து சிபிகே குறைந்தால் பணம் செலவழிக்க வேண்டியதில்லை, டூல் ஆஃப்செட்டைத் திருத்தினால் போதும். சிபியே குறைவு என்றால் ஆஃப்செட்டில் கை வைத்துப் பயனில்லை. ஸ்பிண்டில் பேரிங், பிடிமானம், இன்சர்ட் தேய்வு, வந்திறங்கும் கம்பியின் கடினத்தன்மை என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். புது மெஷினுக்குக் கடன் வாங்குவதைப் பற்றி யோசிப்பது அதற்கெல்லாம் பிறகுதான்.

அதற்கும் முன்னால் அளவுக்கருவி. நான் முதலில் கேட்டு வாங்குவது மைக்ரோமீட்டரைத்தான். நீங்கள் காகிதத்தில் காணும் சிக்மாவில் மெஷினின் சிதறலும் அளப்பதன் சிதறலும் கலந்திருக்கின்றன. அவை நேராகக் கூடாது, வர்க்கங்களாகத்தான் கூடும். மெஷினின் உண்மைச் சிக்மா 0.004, அளவிடுதலின் சிக்மா 0.003 என்றால் கண்ணுக்குத் தெரிவது 0.005. மேலே சிபி 2 என்று பார்த்த லேத் உண்மையில் 2.5 தரக்கூடியதாக இருக்கலாம். காணும் சிதறலில் அளவிடுதலின் பங்கு 60 விழுக்காடு. மோட்டார் வாகனத் துறையில் 30-ஐத் தாண்டினாலே அந்த அளவுமுறையை ஏற்பதில்லை. கேஜ் ஆர் அண்ட் ஆர் (கருவியும் அளப்பவரும் சேர்ந்து உண்டாக்கும் சிதறலைக் கண்டறியும் சோதனை) செய்ய பத்து ஷாஃப்டும் மூன்று ஆட்களும் ஒரு பிற்பகலும் போதும். எந்த ஷாஃப்ட் என்று தெரியாதபடி கலைத்துக் கொடுத்து, ஒவ்வொருவரையும் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை அளக்கச் சொல்லுங்கள்.

சிக்மா சின்னதாக இருப்பதால் அளவு சரி என்றும் ஆகிவிடாது. 2011 செப்டம்பரில் இயற்பியலாளர்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் புறப்பட்ட நியூட்ரினோக்கள் 730 கி.மீ. தள்ளி இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்துக்கு ஒளியைவிட 60 நானோநொடி முன்னதாக வந்துவிட்டன என்றார்கள். புள்ளியியல்படி அது ஆறு சிக்மா முடிவு. பின்னர் தெரிந்தது, ஓர் ஒளியிழைக் கேபிள் முழுதாகத் திருகி இணைக்கப்படவில்லை. தப்பாக இணைத்த கருவி ஒவ்வொரு முறையும் அதே தப்பைச் செய்யும், சிதறல் அதைக் காட்டிக்கொடுக்காது. உங்கள் மைக்ரோமீட்டரின் பூஜ்யம் 0.01 நகர்ந்திருந்தாலும் அப்படியே. மாஸ்டர் பீஸை (அளவு துல்லியமாகத் தெரிந்த ஒப்பீட்டுத் துண்டு) வைத்துக் காலையில் ஒரு முறை சரிபார்ப்பதற்கு ஈடான கணக்கு எதுவும் கிடையாது.

எத்தனை ஷாஃப்டை அளந்து சிக்மா எடுத்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. ஐந்தை அளந்து 0.005 என்று வந்தால், உண்மைச் சிக்மா 0.003 முதல் 0.014 வரை எங்கும் இருக்கலாம் (95 விழுக்காட்டு நம்பிக்கையில்). முப்பதை அளந்தால் அந்த இடைவெளி 0.004 முதல் 0.0067 வரை என்று சுருங்கும். ஐந்தை அளந்து சான்றிதழ் அனுப்பும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடுங்கள். கால்குலேட்டரில் இரண்டு திட்டவிலக்கப் பொத்தான்கள் இருக்கும். எண்ணிக்கையால் வகுப்பது ஒன்று, எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுப்பது மற்றொன்று. பள்ளியில் பழகியது முன்னது. மாதிரியை வைத்து முழு உற்பத்தியை மதிப்பிடும்போது வேண்டியது பின்னது. எக்செல்லில் அது எஸ்டிடிஇவி.எஸ். ஐந்து அளவுகளில் இரண்டுக்கும் 12 விழுக்காடு வித்தியாசம் வரும், முப்பதில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு.

நல்ல முறை: மணிக்கு ஒரு தடவை, அடுத்தடுத்து வரும் ஐந்து ஷாஃப்டை ஒரு சப்குரூப்பாக (ஒரே நேரத்து மாதிரித் தொகுதி) எடுங்கள். ஒவ்வொன்றிலும் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வீச்சைக் குறியுங்கள். இருபத்தைந்து தொகுதிகள் சேர்ந்ததும் வீச்சுகளின் சராசரியை 2.326-ஆல் வகுத்தால் குறுகிய காலச் சிக்மா கிடைக்கும். 125 அளவுகளையும் மொத்தமாகப் போட்டுத் திட்டவிலக்கம் எடுத்தால் நீண்ட காலச் சிக்மா. முன்னதை வைத்து வருவது சிபிகே, பின்னதை வைத்து வருவது பிபிகே. இரண்டும் நெருங்கி இருந்தால் நிம்மதி. பிபிகே வெகுவாகக் குறைந்தால் மணிக்கு மணி ஏதோ நகர்கிறது: டூல் தேய்கிறது, மெஷின் சூடேறுகிறது, அல்லது ஷிஃப்ட் மாறும்போது கை மாறுகிறது.

ஐந்தின் சராசரிகளை வரைவதே கண்ட்ரோல் சார்ட் (கட்டுப்பாட்டு வரைபடம்). வால்டர் ஷூஹார்ட் 1924-இல் அமெரிக்காவில் பெல் தொலைபேசிக் குழுமத்தில் இதை உருவாக்கினார். சராசரியின் சிதறல் தனி அளவின் சிதறலைவிடக் குறைவு. ஐந்துக்கு, சிக்மாவை ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். நம் ஷாஃப்டுக்கு மூன்று சிக்மா எல்லை 0.0067. பல பட்டறைகளில் இந்தக் கோட்டுக்குப் பதில் டாலரன்ஸ் கோடான 0.03-ஐ வரைந்து வைத்திருப்பதைப் பார்க்கிறேன். அப்படி வரைந்தால் மெஷின் தடம்புரண்டு, சரக்கு கெட்ட பிறகுதான் புள்ளி கோட்டைத் தாண்டும். டாலரன்ஸ் கேட்பவர் விரும்புவது. கட்டுப்பாட்டு எல்லை உங்கள் மெஷின் உண்மையில் நடந்துகொள்வது. ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்காதீர்கள். கோட்டுக்கு வெளியே போன புள்ளியை ‘அளவு தப்பு’ என்று காரணம் காணாமல் அழிப்பதும் இதே வகைக் குறுக்குவழி. அந்தப் புள்ளிதான் உங்களுக்கு ஏதோ சொல்ல வந்தது.

பதற்றம் இன்னொரு கோடியிலிருந்து வருகிறது. ஒவ்வொரு ஷாஃப்டையும் அளந்து, 0.004 கூடியிருந்தால் உடனே அவ்வளவு குறைத்து ஆஃப்செட் கொடுக்கும் ஆபரேட்டரைக் கண்டிருப்பீர்கள். கெட்டிக்காரர், கண்ணும் கருத்துமானவர். ஆனால் நிலையாக ஓடும் மெஷினில் இப்படிச் செய்தால் சிக்மா 41 விழுக்காடு கூடிவிடும். இது கணிதம், தப்ப முடியாது. தற்செயல் சிதறலைத் துரத்தாதீர்கள். மூன்று சிக்மாவைப் புள்ளி தாண்டினாலோ, நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து விழுந்தாலோ மட்டும் காரணம் தேடுங்கள்.

ஏன் இரண்டு சிக்மா போதாது என்கிறவர்களுக்கு: இருபது சார்ட்டுகள், எட்டு மணி நேரம், மணிக்கு ஒரு புள்ளி என்றால் நாளைக்கு 160 புள்ளிகள். இரண்டு சிக்மாவில் நாள்தோறும் ஏழு பொய் எச்சரிக்கை வரும்; மூன்றில் இரண்டு நாளைக்கு ஒன்றுக்கும் குறைவு. நிறைய இடங்களில் தேடினால் தற்செயலும் கண்டுபிடிப்பு போலத் தெரியும். துகள் இயற்பியலாளர்கள் ஐந்து சிக்மா கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2012 ஜூலை 4-இல் ஹிக்ஸ் துகளை அறிவித்தது அந்த அளவு வந்த பிறகே. 2015 டிசம்பரில் செர்னின் இரண்டு சோதனைகளிலும் இன்னொரு புதுத் துகளின் சாயல் தெரிந்து உலகமெங்கும் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதப்பட்டன; அடுத்த ஆகஸ்டில் தரவு பெருகியதும் அது மறைந்துபோனது.

இனி சிக்ஸ் சிக்மா. மோட்டரோலா நிறுவனத்தில் 1986-இல் பொறியாளர் பில் ஸ்மித் முன்வைத்த தரமேம்பாட்டு முறை அது. பத்து லட்சத்துக்கு 3.4 குறை என்ற புகழ்பெற்ற எண்ணில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: நீண்ட காலத்தில் சராசரி ஒன்றரை சிக்மா நகரும் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்கிறார்கள். நகராவிட்டால் ஆறு சிக்மாவுக்கு வெளியே விழுவது நூறு கோடிக்கு இரண்டு. அந்த ஒன்றரை எல்லா மெஷினுக்கும் பொருந்தும் இயற்கை விதி அல்ல. உங்கள் மெஷின் எவ்வளவு நகர்கிறது என்பதை உங்கள் சார்ட்தான் சொல்லும். வார இறுதியில் பணம் கட்டி பெல்ட் சான்றிதழ் வாங்க மகனை அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். சொந்தப் பட்டறையின் ஒரு பிரச்சினையை எடுத்து, அளந்து, தீர்த்து, தீர்ந்ததை மூன்று மாதம் காத்துக் காட்டச் சொல்லும் பயிற்சி என்றால் அனுப்புங்கள். தேர்வு மட்டும் எழுதவைக்கும் பயிற்சி என்றால் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல மைக்ரோமீட்டர் வாங்குங்கள்.

கம்பெனிக்கு அனுப்பும் தாளில் ஒற்றை எண்ணை மட்டும் எழுதாதீர்கள். எந்தக் கருவி, அதன் கடைசி அளவுத்திருத்தத் தேதி, கேஜ் ஆர் அண்ட் ஆர் முடிவு, எத்தனை ஷாஃப்ட், எந்தெந்த நாளில், எந்த ஷிஃப்டில், குறுகிய காலச் சிக்மாவா நீண்ட காலச் சிக்மாவா என்று எல்லாவற்றையும் எழுதி, 125 அளவுகளையும் எடுத்த வரிசையிலேயே இணையுங்கள். சிபிகே 1.2 வந்திருந்தால் 1.2 என்றே எழுதுங்கள். ஆஃப்செட்டைத் திருத்தியபின் அடுத்த வாரம் மறுபடி அளந்து அனுப்புவதாகவும் ஒரு வரி சேருங்கள். அதுவரை அந்தப் பாகத்தை ஒன்றுவிடாமல் அளந்து பிரித்துத்தான் அனுப்ப வேண்டும்.